நொதுமலர் வரவு

இரும்புலியூரில் வீடு பார்க்க வருகிறவர்களிடம் தரகர் முதலில் சொல்வது, "ஜிஎஸ்டி ரோட்டுக்கு ரெண்டே நிமிஷம் சார்." அடுத்து, "ரயில் சத்தம் ஒரு வாரத்துல பழகிடும்." முதலாவது பொய், இரண்டாவது உண்மை. சத்தம் பழகியதோடு நிற்காமல் வீட்டுக் கடிகாரமாகவும் ஆகிவிட்டது. செங்கல்பட்டிலிருந்து வரும் காலை மின்ரயில் கடந்தால் குக்கரை இறக்க வேண்டும், அடுத்தது கடந்தால் குளித்து முடித்திருக்க வேண்டும். ஒருநாள் முதல் வண்டியின் ஓசை நான்கு நிமிடம் முன்னதாகவே கேட்டது. இன்றைக்கு வண்டி பறந்து வந்துவிட்டது என்று வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டோம்.

2011 செப்டம்பர் 23 அன்று உலகம் முழுவதும் ஒரு செய்தி பரவியது. ஒளியைவிட வேகமாகச் செல்லும் துகளைக் கண்டிருக்கக்கூடும் என்று ஐரோப்பிய விஞ்ஞானிகள் அறிவித்திருந்தார்கள். அப்போது பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் மறுநாள் காலை காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து கேட்டாள்: "அங்கிள், ஐன்ஸ்டீன் அவ்ளோதானா?" அவள் குரலில் கவலை இல்லை, ஒருவிதக் குதூகலம்தான் இருந்தது. பெரியவர் ஒருவர் தடுக்கி விழுந்தால் வகுப்பறையின் கடைசி வரிசையில் எழுமே, அந்தக் குதூகலம். "யாராவது கடிகாரத்தைப் பார்த்தாங்களா?" என்று கேட்டேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இப்போது யோசித்தால் எனக்கும் அது முழுமையான பதிலாகத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் உண்டாக்கப்பட்ட நியூட்ரினோக் கற்றை, பூமிப் பாறைக்குள்ளாகவே சுமார் 730 கிலோமீட்டர் சென்று, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் வைக்கப்பட்டிருந்த ஓபரா என்ற கருவியைச் சேர்ந்தது. அந்தத் தூரத்துக்கு ஒளி எடுத்துக்கொள்ளும் நேரம் 2.4 மில்லி விநாடி. நியூட்ரினோ அதற்கும் 60 நானோ விநாடி முன்னதாக வந்து நின்றது. 60 நானோ விநாடியில் ஒளி 18 மீட்டர்தான் போகும், நம் மின்ரயில் பெட்டி ஒன்றின் நீளம்கூட இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகளில் சேர்த்த சுமார் 16,000 நிகழ்வுகளின் சராசரி அது. தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

இத்தாலியக் கல்வி அமைச்சகம் உற்சாகத்தில் ஒரு வாழ்த்துச் செய்தி வெளியிட்டது. செர்னுக்கும் கிரான் சாசோவுக்கும் இடையே நியூட்ரினோ செல்ல அமைத்த சுரங்கப்பாதைக்கு இத்தாலி கொடுத்த பணத்தைப் பற்றி அதில் பெருமையோடு ஒரு வரி இருந்தது. அப்படி ஒரு சுரங்கம் கிடையாது. நியூட்ரினோவுக்குப் பாறையும் வெட்டவெளியும் ஒன்று. இத்தாலியர்கள் பல நாள் சிரித்தார்கள். நாமும் சிரிக்கலாம், அளவாக. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்து மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் வருவதாக இருந்தபோது இங்கே மேடைகளில் அந்தத் துகளைப் பற்றிப் பேசப்பட்டவையும் லேசுப்பட்டவை அல்ல. பாறையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் மக்கள் கேட்ட கேள்விகள் வேறு, அவை நியாயமான கேள்விகள். துகளின் தலையில் பழியைப் போட்டது மட்டும்தான் வேடிக்கை.

ஓபரா குழுவினர் என்ன சொன்னார்கள் என்பது சிரிப்பில் மறந்துபோயிற்று. எங்கள் கணக்கில் பிழை தேடித் தேடிப் பார்த்துவிட்டோம், கிடைக்கவில்லை, நீங்களும் பாருங்கள் என்றார்கள். 2012 பிப்ரவரியில் பிழை அகப்பட்டது. ஜிபிஎஸ் நேரத்தைக் கருவிக்குக் கொண்டுபோன ஒளியிழைக் கேபிளின் முனை முழுதாகத் திருகப்படாமல் இருந்திருக்கிறது. அதனால் நேரக்குறி 73 நானோ விநாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கருவிக்குள்ளிருந்த கடிகாரத்திலும் ஒரு சிறு பிசகு, அது எதிர்த்திசையில் சுமார் 15 நானோ விநாடி. இரண்டையும் கழித்துக் கூட்டினால் அதிசயம் கரைந்துவிட்டது. மார்ச்சில் அதே மலைக்கடியில் இருந்த இகாரஸ் கருவி தனியாக அளந்து, ஒளியின் வேகமேதான் என்றது. அம்மாத இறுதியில் குழுவின் செய்தித் தொடர்பாளர் அந்தோனியோ எரெடிடாடோ பதவி விலகினார். ஜூனில் கியோட்டோ மாநாட்டில் கோப்பு மூடப்பட்டது.

பேட்டரி மாற்றிய கதைதான். ஆனால் நாங்கள் ஒரு நொடியில் கடிகாரத்தைச் சந்தேகித்தோம். அவர்கள் ஆறு மாதம் சந்தேகித்துக்கொண்டே, உலகத்தையும் சந்தேகிக்க அழைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த ஆறு மாதத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அந்தப் பூர்வீகத்தின் ஒரு முனை, எங்கள் வீட்டிலிருந்து வடக்கே தண்டவாளத்தின் ஓரமாக நடந்தால் வரும் மரக்கூட்டத்துக்குள் இருக்கிறது.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் தொடங்கி, நூறு வயதான பிறகு, 1937இல் கிழக்குத் தாம்பரத்தின் 365 ஏக்கர் புதர்க்காட்டுக்குக் குடிவந்தது. கோட்டயத்துக்கு அருகே பள்ளம் என்ற ஊரில் 1931இல் பிறந்த ஒரு பையன், சி.எம்.எஸ். கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு இங்கே வந்து, 1951இல் பௌதிகத்தில் ஆனர்ஸ் பட்டம் வாங்கிப் போனான். அவன்தான் இ.சி.ஜி. சுதர்சன். அவன் பிறந்த அதே ஆண்டில்தான் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடத் தொடங்கியது. மலையாளிகள் அவரைத் தங்களவர் என்பார்கள், அது சரி. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்தச் சொத்தில் ஒரு சின்னப் பாகம் உண்டு. அதை நாங்கள் பத்திரம் பண்ணி வைக்கவில்லை, அவ்வளவுதான். தாம்பரத்தில் ஆட்டோ நிறுத்தத்துக்கெல்லாம் தலைவர் பெயர் இருக்கிறது.

1962இல் பிலானியூக், தேஷ்பாண்டே என்ற இருவரோடு சேர்ந்து சுதர்சன் ஒரு கட்டுரை எழுதினார். ஒளியைவிட வேகமாகச் செல்லும் துகள்களை ஐன்ஸ்டீனின் சார்பியல் தடுக்கவில்லை என்பது அதன் வாதம். ஐன்ஸ்டீன் தடுத்தது ஒன்றைத்தான்: மெதுவாகப் போகும் பொருளை முடுக்கி முடுக்கி ஒளியின் வேகத்தைத் தாண்டவைக்க முடியாது, அதற்கு எல்லையற்ற ஆற்றல் வேண்டும். பிறக்கும்போதே எல்லைக்கு அந்தப்பக்கம் பிறந்தவர்களை இந்தத் தடை எப்படிக் கட்டுப்படுத்தும்? சுதர்சன் இதற்கு ஓர் உவமை சொல்வார். இமயத்தை யாராலும் ஏறிக் கடக்க முடியாது, ஆகவே இமயத்துக்கு வடக்கே மனிதர்களே இல்லை என்று ஒரு மக்கள்தொகைக் கணக்காளர் எழுதினால் எப்படியிருக்கும்? வடக்கே இருப்பவர்கள் அங்கேயே பிறந்தவர்கள். மலை ஏறி வந்தாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

இந்தத் துகளுக்கு டேக்கியான் என்று பெயர் வைத்தவர் ஜெரால்டு ஃபைன்பர்க், 1967இல். அதன் சுபாவம் நம் அனுபவத்துக்குத் தலைகீழ். ஆற்றல் கூடக்கூட அதன் வேகம் குறைந்து ஒளியின் வேகத்தை நோக்கி இறங்கும். ஆற்றல் குறையக் குறைய வேகம் ஏறும். ஆற்றலே இல்லாவிட்டால் வேகத்துக்கு எல்லையே இல்லை. அதன் நிறையை நேராக எழுத முடியாது. நிறையின் வர்க்கத்தைத்தான் எழுதலாம், அந்த வர்க்கத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வரும். எந்த எண்ணை அதனாலேயே பெருக்கினாலும் கழித்தல் வராது என்று எட்டாம் வகுப்பில் படித்திருக்கிறோம். டேக்கியான் அந்தப் பாடத்துக்கு வெளியே நிற்கிறது. இந்தக் குறியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், திரும்ப வருவேன்.

கதவு பூட்டப்படவில்லை என்று காட்டுவது ஒரு காரியம். கதவு வழியாக யாரோ வந்துபோனார்கள் என்பது வேறு காரியம். சுதர்சன் செய்தது முதலாவது. "ஒளியைவிட வேகமான துகளைக் கண்டுபிடித்த இந்தியர்" என்று அவரைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதும் வாக்கியம் அவருக்குச் செய்யும் அவமரியாதை என்றே எனக்குப் படுகிறது. அவர் உண்மையாகவே செய்து முடித்த காரியங்கள் வேறு இருக்கின்றன. அவற்றில் ஒன்று நியூட்ரினோவின் சட்டமே.

1957. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் சுதர்சன் ஆராய்ச்சி மாணவர். கதிரியக்கச் சிதைவுக்குக் காரணமான வலுக்குறைந்த விசைக்கு இடது, வலது பேதம் உண்டு என்று அந்த ஆண்டுதான் நிரூபணமாகியிருந்தது. ஆனால் அந்த விசையின் சரியான வடிவம் யாருக்கும் பிடிபடவில்லை. சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. சுதர்சனும் அவருடைய ஆசிரியர் ராபர்ட் மார்ஷக்கும் எல்லாச் சோதனைகளையும் அலசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இதற்கு ஒரே ஒரு வடிவம்தான் பொருந்தும், அதில் நியூட்ரினோ எப்போதும் இடக்கைக்காரன். சிக்கல் என்னவென்றால், அப்போது நல்ல பெயர் வாங்கியிருந்த நான்கு சோதனைகள் இதற்கு எதிராக நின்றன. வேறு மாணவனாக இருந்தால் வடிவத்தைக் கைவிட்டிருப்பான். இவர்கள், அந்த நான்கு சோதனைகளையும் திரும்பச் செய்து பாருங்கள் என்று எழுதினார்கள். ஹீலியம்-6 சோதனை, மியூவான் சிதைவு, பையான் சிதைவு, நியூட்ரான் சிதைவு என்று பெயர் குறிப்பிட்டே. திரும்பச் செய்தார்கள். நான்குமே தவறு.

மற்றதெல்லாம் பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்த ஆண்டு ராச்செஸ்டரில் நடந்த மாநாட்டில் மாணவருக்குப் பேச வாய்ப்பில்லை. செப்டம்பரில் பாதுவா-வெனிஸ் மாநாட்டில்தான் கட்டுரை வாசிக்கப்பட்டது. அதற்குள் ஃபெயின்மனும் ஜெல்மானும் அதே முடிவை எழுதிவிட்டார்கள், 1958இல் புகழ்பெற்ற இதழில் வந்தது அவர்கள் கட்டுரை. கண்டுபிடித்தவர்கள் சுதர்சனும் மார்ஷக்கும், பரப்பியவர்கள் நாங்கள் என்று ஃபெயின்மன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். நோபல் குழுவின் காதில் அது விழவில்லை. 2005இல் ஒளியியலுக்கான பரிசு ராய் கிளாபருக்குப் போனபோது இரண்டாம் முறையும் விழவில்லை. இந்தப் புலம்பலை நான் நீட்டப்போவதில்லை, கேரளத்தில் என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நான்கு சோதனைகள். சான்று என்பது மலைபோல நிற்பது, கொள்கை அதன் முன் மண்டியிட வேண்டும் என்றுதான் பள்ளியில் சொல்லித் தருகிறோம். இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன் மலையைப் பார்த்து, நீ கொஞ்சம் நகர்ந்து நில் என்று சொன்னான், மலை நகர்ந்தது. அதே மனிதர் ஐந்து ஆண்டு கழித்துத் திறந்துவைத்த கதவின் வழியாக, அறுபது ஆண்டுக்கு மேலாகியும், நம்பத்தகுந்த ஒருவரும் வரவில்லை. ஒன்றில் சான்று எதிராக இருந்தும் அவர் சொன்னது நின்றது. மற்றதில் எதிர்ச்சான்று இல்லாமலே அது தொங்குகிறது.

நியூட்ரினோவுக்குத் தமிழில் நுண்நொதுமி என்று ஒரு சொல் உண்டு. பாடநூல் வாசம் அடிப்பதாக நான் ஒருகாலத்தில் முகம் சுளித்திருக்கிறேன். பிறகு சங்க அகமரபில் 'நொதுமலர் வரைவு' என்ற துறை நினைவுக்கு வந்தது. தலைவியைப் பெண்கேட்டு அயலார் வருவது அது. நொதுமலர் என்றால் உறவும் இல்லாத, பகையும் இல்லாத வேற்றார். எந்த மின்னூட்டத்துக்கும் கட்டுப்படாத துகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாரும் வைத்துவிட முடியாது. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு விநாடியும் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் ஏறத்தாழ 6,500 கோடி நொதுமலர் கடந்துபோகிறார்கள். யாரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவைப் பூமிக்கடியில் முதலில் கண்ட இரண்டு இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல், 1965இல். மற்றது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். வடஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய பள்ளத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து எம்.ஜி.கே. மேனன் குழு ஜப்பானியர், பிரிட்டானியரோடு சேர்ந்து வைத்த கருவி அது.

நொதுமலருக்கு ஒரு சௌகரியம் உண்டு. கல்யாண மண்டபத்தில் யாரையும் தெரியாதவன் மொய் எழுதிவிட்டு நேரே வாசலுக்குப் போய்விடலாம். உறவுக்காரனால் முடியாது. ஒவ்வொரு நாற்காலி வரிசையிலும் ஒரு சித்தப்பா கையைப் பிடித்து நிறுத்துவார், ஒரு அத்தை சாப்பிட்டாயா என்பாள், பந்திக்கு இழுத்துப் போவார்கள். நட்சத்திரம் ஒன்று வெடிக்கும்போது ஒளியின் கதி உறவுக்காரனுடையது. வழியிலிருக்கும் ஒவ்வொரு துகளும் அதைப் பிடித்து நிறுத்தும். அதிர்ச்சி அலை மேற்பரப்பை எட்டிய பிறகுதான் அது வெளியே வர முடியும். நியூட்ரினோ முதலிலேயே வாசலுக்கு வந்துவிடுகிறது.

1987 பிப்ரவரி 23, திங்கட்கிழமை. பெரிய மெகல்லன் மேகத்தில், சுமார் 1,68,000 ஒளியாண்டுக்கு அப்பால் வெடித்த நட்சத்திரம் ஒன்றின் நியூட்ரினோக்கள் இந்திய நேரம் பகல் ஒன்றேகால் ஆவதற்கு முன் பூமியைக் கடந்தன. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஆயிரம் கோடிக்குக் குறையாமல். தாம்பரத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். இங்கிருந்து சற்று வடகிழக்கே தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக அப்போது சுதர்சன் இருந்தார். அவ்வளவு கூட்டத்தில் உலகம் முழுவதும் பிடிபட்டவை, ஜப்பானின் கமியோகாண்டே, அமெரிக்காவின் ஐஎம்பி, ருஷ்யாவின் பக்சான் மூன்றும் சேர்த்து இரண்டு டஜன். ஒளி ஏறக்குறைய மூன்று மணிநேரம் கழித்து வந்து சேர்ந்தது. நியூட்ரினோ முந்திவிட்டது என்று இதைச் சொல்லக்கூடாது, அது மண்டபத்திலிருந்து முன்னதாகக் கிளம்பியது. வழியில் இருவரும் ஒரே வேகத்தில்தான் வந்திருக்கிறார்கள்.

ஓபராவின் கூற்றை இந்த நட்சத்திரம் இருபத்து நான்கு ஆண்டுக்கு முன்னாலேயே மறுத்துவிட்டது என்று சொல்ல வேண்டும். 730 கிலோமீட்டருக்கு 60 நானோ விநாடி என்ற அதே விகிதத்தில் முந்தியிருந்தால், அந்த நியூட்ரினோக்கள் 1987இல் அல்ல, 1983 வாக்கிலேயே வந்து போயிருக்கும். ஓபரா டேக்கியானையே கண்டது என்று வைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். நட்சத்திரத்து நியூட்ரினோவின் ஆற்றல் செர்னில் உண்டாக்கியதைவிட ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆற்றல் குறைந்த டேக்கியான் வேகம் கூடியது, ஆகவே அது எத்தனையோ யுகம் முன்னதாக வந்திருக்கும். 2011 அறிவிப்பு வந்த ஒரு வாரத்துக்குள் ஆண்ட்ரூ கோஹனும் ஷெல்டன் கிளாஷோவும் வேறொரு கணக்குப் போட்டார்கள். ஒளியை அப்படி முந்தும் நியூட்ரினோ வழியெல்லாம் எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடிகளை உதிர்த்து ஆற்றலை இழந்துவிடும், கிரான் சாசோவுக்கு அந்த ஆற்றலோடு வந்தே சேராது. பிறகு தென்துருவப் பனிக்குள் புதைத்த ஐஸ்கியூப் கருவி, ஓபராவுக்கு வந்ததைவிடப் பல்லாயிரம் மடங்கு ஆற்றலுள்ள விண்வெளி நியூட்ரினோக்களைப் பிடித்தது. அவ்வளவு தூரம் ஆற்றலைச் சிந்தாமல் வந்தவை அவை. இந்த வகையில் ஒளியை முந்துவதற்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அதே பிப்ரவரி 23இல் ஒரு முள் இருக்கிறது. பிரான்ஸ், இத்தாலி எல்லையில் மோன் பிளான் மலைக்கடியில் எல்எஸ்டி என்ற சிறு கருவி, மற்ற மூன்றும் பதிவு செய்ததற்கு நாலே முக்கால் மணி நேரம் முன்னதாக, ஏழு விநாடிக்குள் ஐந்து துடிப்புகளைக் குறித்துக்கொண்டது. இந்திய நேரம் காலை 8.22. எங்கள் வண்டியில் கதவோரம் தொங்கிக்கொண்டு போகும் நேரம். அதைவிடப் பெரிய கமியோகாண்டேயில் அந்தக் கணத்தில் அதற்கு ஈடான கூட்டம் எதுவும் இல்லை. பெரும்பாலானவர்கள் அதைப் பின்னணி இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டார்கள். நட்சத்திரம் இரண்டு கட்டமாக நொறுங்கியது என்று சிலர் விளக்கினார்கள். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் எர்லிச் இன்றும் அந்த ஐந்தையும் விட மனமில்லாமல், அவை ஒளியை முந்தி வந்தவை என்கிறார். எனக்கு அவர் வாதம் ஒப்பவில்லை, பெரிய கருவி வாய்மூடியிருக்கும்போது சிறிய கருவியின் கூச்சலை எப்படி நம்புவது? ஆனாலும் ஐந்து துடிப்பைக் குப்பைத்தொட்டியில் போடாமல் நாற்பது வருடமாக யாரோ ஒருவர் கையில் வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

எர்லிச்சுக்கு இன்னொரு தடயமும் உண்டு, அது காஸ்மிக் கதிர்களில். விண்ணிலிருந்து பொழியும் அந்தத் துகள்களின் எண்ணிக்கை ஆற்றல் கூடக்கூடச் சீராகக் குறைந்துகொண்டே வந்து, ஓர் இடத்தில் முன்னைவிடச் செங்குத்தாகச் சரியத் தொடங்குகிறது. ஊட்டியில் டாடா நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 கருவிகள் காத்துக் கிடப்பது இந்தப் பிராந்தியத்தைப் பார்ப்பதற்கும்தான். இந்தச் சரிவுக்கு முழங்கால் என்று பெயர். நியூட்ரினோ டேக்கியானாக இருந்தால், தனியாக இருக்கும் புரோட்டானும் போதுமான ஆற்றல் வந்ததும் சிதைய ஆரம்பிக்கும், முழங்கால் அங்கேதான் மடங்குகிறது என்று 1999இல் அவர் எழுதினார். அழகான யோசனை. விண்மீன் மண்டலத்துக் காந்தப்புலங்களால் அந்த ஆற்றலுக்கு மேல் புரோட்டான்களை முடுக்கவோ அடைத்துவைக்கவோ முடியவில்லை என்ற சாதாரண விளக்கம் போதும் என்பதால் அதற்கு ஆதரவாளர் சேரவில்லை.

இனிக் கழித்தல் குறி. 1985இல் சோடோஸ், ஹவுசர், கொஸ்டெலெக்கி என்ற மூவர், டேக்கியான் எங்கோ ஒளிந்திருக்க வேண்டியதில்லை, நியூட்ரினோவே அதுவாக இருக்கலாமே என்று கேட்டார்கள். இதைச் சோதிக்க விண்வெளியைவிட மேசைதான் தோதான இடம். எர்லிச் பலவற்றையும் சேர்த்துக் கணித்த நிறை வர்க்கம் கழித்தல் 0.11 எலக்ட்ரான் வோல்ட் வர்க்கம். அது சரியென்றே வைத்துக்கொண்டாலும், மெகல்லன் மேகத்திலிருந்து 1,68,000 ஆண்டு ஓடி வந்த நியூட்ரினோ ஒளியை முந்துவது சுமார் மூன்று மில்லி விநாடிதான். எல்எஸ்டியின் ஐந்து துடிப்புக்குத் தேவைப்படுவதோ இதைவிடப் பல லட்சம் மடங்கு. அதனால் அவற்றுக்கு வேறொரு நியூட்ரினோ வகையை அவர் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

மேசைச் சோதனை டிரிட்டியத்தில். டிரிட்டியம் சிதையும்போது எலக்ட்ரானும் நியூட்ரினோவும் ஆற்றலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால், மிக அதிக ஆற்றலோடு வரும் எலக்ட்ரான்கள் கடைசியில் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவை எண்ணித்தான் நிறையின் வர்க்கத்தைக் கணக்கிடுவார்கள். 1991இல் லாஸ் அலமோஸ் குழுவுக்குக் கிடைத்தது கழித்தல் 147. 1995இல் லிவர்மோர் குழுவுக்குக் கழித்தல் 130. ஜெர்மனியின் மைன்ஸ், ஜப்பானின் டோக்கியோ, சுவிட்சர்லாந்தின் சூரிச், எல்லாமே கழித்தல். குறைய வேண்டிய இடத்தில் எலக்ட்ரான்கள் மிஞ்சின.

மளிகைக் கடையில் இருப்பு எடுத்தவர்களுக்கு இது புரியும். சரக்கு குறைந்தால் சந்தேகம் ஆள்மேல் போகும். சரக்கு மிஞ்சினால் நோட்டின்மேல் போகும். எங்கள் பெரியப்பாவுக்குக் குறைவைவிட மிச்சம்தான் கலக்கத்தைக் கொடுக்கும். குறைந்தால் யாரையாவது திட்டலாம், மிஞ்சினால் தன் எழுத்தையே முதல் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பௌதிகர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். மைன்ஸில் உறைந்த டிரிட்டியப் படலம் காலப்போக்கில் சுருண்டு மேடுபள்ளமாகி எலக்ட்ரானின் ஆற்றலைத் தின்றது தெரியவந்தது. லாஸ் அலமோஸ், லிவர்மோர் கணக்குகளை, டிரிட்டிய மூலக்கூறு சிதைவுக்குப் பின் எந்த நிலையில் எஞ்சுகிறது என்ற புதிய கணக்கீட்டோடு 2015இல் திருப்பிப் பார்த்தபோது, அங்கேயும் கழித்தல் பெரும்பாலும் கரைந்தது. அத்தனை ஆண்டும் அந்த எண்களை எழுதியவர்கள், குறியை மாற்றாமல் அப்படியே அச்சிட்டிருந்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனதைப் பூஜ்யம் என்று திருத்தி எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. திருத்தியிருந்தால் படலம் சுருண்டதை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

அடுத்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவிலுள்ள கட்ரின். எழுபது மீட்டர் நீளக் கருவி. அதிலிருக்கும் பத்து மீட்டர் விட்டமுள்ள தொட்டியைச் செய்த டெக்கன்டார்ஃப் நகரம் வெறும் 400 கிலோமீட்டர் தூரம்தான். சாலையில் அடங்காது என்பதால் 2006இல் டான்யூப் ஆற்றில் இறக்கி, கருங்கடல், மத்தியதரைக்கடல், அட்லாண்டிக், ரைன் நதி என்று ஐரோப்பாவையே சுற்றி, 8,500 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்தார்கள். கடைசி ஊரின் தெருவில் வீட்டுத் தாழ்வாரங்களை உரசாமல் அந்தத் தொட்டி நகர்ந்த புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம், பெருங்களத்தூர் பக்கம் இரவில் ஜிஎஸ்டி ரோட்டை அடைத்துக்கொண்டு காற்றாலை இறக்கையோடு ஊர்ந்துபோகும் டிரெய்லர்களை நினைத்துக்கொள்வேன்.

கட்ரினின் 2019 முடிவு கழித்தல் 1.0. அடுத்த கட்டத்துத் தரவு கூட்டல் 0.26. 2025இல் வெளியானது, 259 நாள் அளவீட்டில் 3.6 கோடி எலக்ட்ரான்களை எண்ணி வந்தது, கழித்தல் 0.14. எர்லிச்சின் எண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பிழை வரம்பும் ஏறக்குறைய 0.14 என்பதால் அது பூஜ்யத்தோடும் ஒத்துப்போகிறது, சிறிய கூட்டலோடும் ஒத்துப்போகிறது. கட்ரின்காரர்கள் இதை டேக்கியான் என்று சொல்லவில்லை. நியூட்ரினோவின் நிறை 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருக்க முடியாது என்று மட்டும் எழுதி, கழித்தல் குறியை அது விழுந்த இடத்திலேயே விட்டிருக்கிறார்கள்.

சுதர்சன் 2018 மே மாதம் ஆஸ்டினில் காலமானார். பக்கத்து வீட்டுப் பெண் கல்யாணமாகி மறைமலைநகர் போய்விட்டாள், பள்ளியில் பௌதிகம் சொல்லித்தருகிறாள். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது கட்ரின் எண்ணைச் சொன்னேன். "மைனஸா?" என்றாள். ஆமாம் என்றேன். "எத்தனை நாள் ரீடிங்?" என்று கேட்டாள்.

வந்திருப்பது 259 நாள். கட்ரின் திட்டமிட்டது 1,000 நாள்.